முடிவு தெரியாமல் எழுதிய டைரி: பாரிஸில் எலென் பெர், 1942–1944

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கொஞ்சம் திருத்தி, சுருக்கி, படிக்கிற மாதிரி எழுத்தில் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு டைரியைப் பத்திப் பேசப் போறோம்.

இரண்டாம் உலகப்போர், நாஜிகள், ஒரு யூதப் பெண், டைரி. இப்படிச் சொன்னதும் உங்களில் பாதிப் பேர் "ஆன் ஃபிராங்க் தானே?" என்று கேட்டிருப்பீங்க. இல்லை. ஆன் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து எழுதிய அதே வருஷங்களில், பாரிஸில் இன்னொரு பெண்ணும் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் எலென் பெர். இங்கிலீஷ்காரர்கள் ஹெலென் என்பார்கள், பிரெஞ்சில் அந்த 'ஹ' சத்தம் கிடையாது. டைரி தொடங்கும்போது அவருக்கு வயசு 21.

ரெண்டு பேருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஆன் ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வர முடியாது. எலென் ஒளியவில்லை. நகரத்துக்குள் நடந்தார், மெட்ரோவில் போனார், காலேஜ் போனார். அதனால் இந்த டைரியில் ஒரு நகரமே தெரிகிறது. அக்கம்பக்கத்துக்காரர், போலீஸ்காரர், மெட்ரோ ஊழியர், கூடப் படிச்சவங்க எல்லாரும் இருக்காங்க.

ரிப்போர்ட்டும் லாகும்

நான் சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவன், அதனால் என் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். நடுராத்திரி ஒரு சர்வர் படுத்துவிட்டால், மறுநாள் எங்க கையில் ரெண்டு விஷயம் இருக்கும். ஒன்று லாக்: ஒவ்வொரு நிமிஷமும் என்ன நடந்ததோ அது அப்போதே பதிவானது. இன்னொன்று, எல்லாம் முடிந்தபிறகு உட்கார்ந்து எழுதுகிற ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். 2.10க்கு இது நடந்தது, அதனால் 2.14க்கு அது நடந்தது. படிக்கிற மேனேஜர், "இதுகூடவா தெரியல?" என்று கேட்பார். ஆனா 2.10க்கு தூக்கக் கலக்கத்தில் ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்திருந்தவனுக்கு 2.14 என்று ஒன்று வரப்போவதே தெரியாது.

வரலாற்றுப் புத்தகம் அந்த ரிப்போர்ட் மாதிரி. முடிவு தெரிந்தவர்கள் எழுதுவது. பிரான்சிலிருந்து நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட யூதர்கள் சுமார் 76,000 பேர், உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 2,500 பேர் என்று அது சொல்லும். அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம், மறுக்கவே முடியாது. ஆனால் அதைப் படிக்கிற எல்லாருக்கும் உடனே ஒரு கேள்வி வரும்: "இவ்வளவு நடக்குது, ஏன் அவங்க முன்னாடியே ஓடிப்போகல?"

அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நேர்மையான பதில் இந்த டைரிதான்.

வாழ்க்கை நடந்துகொண்டேதான் இருந்தது

கொஞ்சம் பின்னணி. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்தது. விஷி என்ற ஊரைத் தலைமையிடமாக வைத்து பெத்தான் தலைமையில் ஒரு பிரெஞ்சு அரசு, ஜெர்மனியோடு ஒத்துழைத்து நடந்தது. அந்த அரசு 1940 அக்டோபர் 3ஆம் தேதியே யூதர்களுக்கு எதிராகத் தனிச்சட்டம் போட்டது. அரசு வேலை, ஆசிரியர் வேலை, பத்திரிகை எல்லாம் அவர்களுக்கு மூடப்பட்டன.

எலெனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக பிரான்சில் வாழ்ந்த வசதியான குடும்பம். அப்பா ரேமோன் பெர் ஒரு என்ஜினியர், குல்மான் என்ற பெரிய ரசாயன நிறுவனத்தின் உயர்பொறுப்பில் இருந்தவர், முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். எலென் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். வயலின் வாசிப்பார். ஆசிரியர் பணிக்கான தேர்வு எழுத யூதர்களுக்கு அனுமதி இல்லை என்றானதும், கவிஞர் கீட்ஸ் பற்றி ஆய்வு செய்யத் தொடங்கினார்.

டைரி 1942 ஏப்ரல் 7இல் ஆரம்பிக்கிறது. முதல் பதிவு எதைப் பற்றி தெரியுமா? கவிஞர் பால் வலேரி கையெழுத்துப் போட்டு வைத்திருந்த புத்தகத்தைப் போய் வாங்கி வந்தது பற்றி. பிடித்த கவிஞர் தன் பேருக்கு எழுதிக்கொடுத்த புத்தகம், சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்தடுத்த பக்கங்களில் நண்பர்கள், கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த வீட்டுத் தோட்டம். பிறகு ழான் மொராவியெக்கி என்ற மாணவரோடு மெதுவாக வளரும் காதல்.

முதல்முறை படிக்கும்போது எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. "போர் எங்கப்பா?" என்று பக்கம் புரட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. வீட்டுக்குப் பக்கத்தில் பேரழிவு வந்து நிற்கும்போதும் வாழ்க்கை பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த வாரம் பரீட்சை இருக்கும். மழை வரும், பழம் பழுக்கும், ஒருத்தரைப் பிடிக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு ஓடு என்று சொல்கிற மணி எங்கேயும் அடிப்பதில்லை.

மஞ்சள் நட்சத்திரம்

1942 மே 29இல் ஜெர்மன் நிர்வாகம் ஒரு ஆணை போட்டது. ஜூன் 7 முதல், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லாரும் வெளியே வரும்போது இடப்பக்க மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் ஆளுக்கு மூன்று கொடுப்பார்கள். அதற்கு உங்க துணி ரேஷன் கார்டில் ஒரு பாயிண்ட் கழிப்பார்கள். கவனிச்சீங்களா? உன்னை அவமானப்படுத்துகிற துணிக்கும் உன் ரேஷனிலிருந்தே கணக்கு.

இந்த வாரத்துப் பதிவுகள்தான் டைரியின் மையம் என்று எனக்குத் தோன்றும். அணிவதா வேண்டாமா என்று எலென் தனக்குள் வாதாடுகிறார். முதலில் அணிய மாட்டேன் என்று நினைக்கிறார், அணிந்தால் அந்தச் சட்டத்துக்குத் தலைகுனிவது போலாகும். அப்புறம் யோசனை மாறுகிறது. மற்றவர்கள் அணிந்து தெருவில் போகும்போது நான் மட்டும் அணியாமல் தப்பித்தால் அது கோழைத்தனம் இல்லையா? கடைசியில் அணிகிறார்.

அப்புறம் தெரு. சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். சிலர் பார்க்காத மாதிரி போகிறார்கள். முன்பின் தெரியாத சிலர் வேண்டுமென்றே அன்பாகச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஆறுதல்தான், ஆனாலும் அதுவும் உறுத்துகிறது. நிமிர்ந்து நடக்கிறார், ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. மெட்ரோவில் டிக்கெட் பரிசோதகர் கடைசிப் பெட்டிக்குப் போகச் சொல்கிறார். யூதர்களுக்கு அந்தப் பெட்டி மட்டும்தான் என்று புது விதி.

ஆணையின் வாசகத்தைப் படித்தால் ஒரு நிர்வாகம் என்ன செய்தது என்று தெரியும். அந்த ஆணை ஒரு மனுஷி மேல் போய் உட்கார்ந்தபோது எப்படி இருந்தது, எதிரே வந்த பாரிஸ்காரர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு இது மாதிரி ஒருத்தர் அன்றைக்கு ராத்திரியே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

இரண்டே வாரத்தில், ஜூன் 23இல், அப்பாவைக் கைது செய்கிறார்கள். காரணம் என்ன? நட்சத்திரம் அணியாததா? இல்லை, அணிந்திருந்தார். ஆனால் தைக்கவில்லை. எல்லாக் கோட்டிலும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ள வசதியாகக் கொக்கியும் பிரஸ் பட்டனும் வைத்திருந்தார்கள். அதுதான் குற்றம். போலீஸ் தலைமை அலுவலகத்தில் குடும்பம் அவரைப் பார்க்கிறது. டை இல்லை, ஷூவில் லேஸ் இல்லை, பேண்ட்டைத் தாங்கும் பட்டை இல்லை. நாட்டின் பெரிய தொழில்துறைத் தலைவர்களில் ஒருவர் ஒரே நாளில் அப்படி நிற்கிறார். பாரிஸ் புறநகரில் இருந்த திரான்சி முகாமுக்கு அனுப்புகிறார்கள். நிறுவனம் பணம் கட்டிய பிறகு, செப்டம்பரில் விடுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். 'ஏன் ஓடல?' என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அப்பா திரும்பி வந்துவிட்டார். அப்போ இதிலிருந்து நீங்க என்ன முடிவெடுப்பீங்க? பணமும் செல்வாக்கும் விதிமுறையும் இன்னும் ஏதோ கொஞ்சம் வேலை செய்கிறது என்றுதானே நினைப்பீங்க?

அவங்களுக்கு எவ்வளவு தெரியும்?

1942 ஜூலை 16, 17. பாரிஸிலும் சுற்றுப்பகுதியிலும் சுமார் 13,000 யூதர்களை இரண்டே நாளில் பிடித்தார்கள். அதில் 4,000க்கும் மேல் குழந்தைகள். பிடித்தது பிரெஞ்சு போலீஸ். குடும்பங்களை 'வெலோத்ரோம் திவேர்' என்ற உள்ளரங்க சைக்கிள் பந்தய மைதானத்தில் நாள்கணக்கில் அடைத்து வைத்தார்கள். எலென் அந்த நாட்களில் கேள்விப்பட்டதையெல்லாம் எழுதுகிறார், சில இடத்தில் யார் சொன்னது என்பதோடு. அதில் நேரில் பார்த்தவர்கள் சொன்னதும் உண்டு, ஊருக்குள் ஓடிய பேச்சும் உண்டு.

அந்தக் கோடையிலிருந்து அவர் யூதர்களுக்கான அமைப்பு ஒன்றில் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார். பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதால் தனியாக நிற்கிற குழந்தைகளைக் கவனிப்பது, வெளியே கூட்டிப்போவது. ரகசியமாகக் குழந்தைகளைப் பாதுகாப்பான குடும்பங்களில் சேர்த்த ஒரு குழுவிலும் பங்கெடுத்தார்.

1942 நவம்பர் கடைசியில் ழான், டி கோல் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர ஸ்பெயின் வழியாகப் போவதற்குக் கிளம்பிவிடுகிறார். அதோடு டைரியும் நிற்கிறது. ஒன்பது மாசம் எதுவும் இல்லை. மறுபடி 1943 ஆகஸ்ட்டில் தொடங்கும்போது எழுதுகிறவர் வேற ஆள் மாதிரி தெரிகிறார். கூட வேலை பார்த்தவர்களை ஜூலையில் ஆபீஸிலேயே வைத்துக் கைது செய்திருக்கிறார்கள், அன்றைக்கு எலென் அங்கே இல்லாததால் தப்பித்தார்.

வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஆராய்கிற ஒரு கேள்வி: அந்தக் காலத்தில் பாரிஸில் இருந்த சாதாரண ஜனங்களுக்கு எவ்வளவு தெரியும்? திரான்சியிலிருந்து கிளம்பிய ரயில்கள் எங்கே போகின்றன என்று அங்கே அடைபட்டிருந்தவர்களுக்குத் தெரியாது. குழந்தைகள் 'பிச்சிபோய்' என்று ஒரு கற்பனை ஊருக்குப் பேர் வைத்திருந்தார்கள். "பிச்சிபோய் போறோம்" என்பார்களாம்.

எலென் 1943 கடைசியில் என்ன எழுதுகிறார் என்று பாருங்க. வேலைக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்றால் கைக்குழந்தைகளை எதுக்குக் கொண்டுபோகணும் என்று கேட்கிறார். நவம்பர் மாதப் பதிவு ஒன்றில், போலந்து எல்லையில் விஷவாயு என்று ஒரு பேச்சு அடிபடுவதைக் குறிக்கிறார். இந்த வதந்திக்கு ஏதோ ஒரு உண்மையான அடிப்படை இருக்கத்தான் வேண்டும் என்றும் எழுதுகிறார். அதை நிரூபிக்க அவரிடம் ஒரு ஆவணமும் இல்லை. தன் கண்ணால் பார்த்த துண்டுகளை ஒன்றாக வைத்து யோசித்ததில் கிட்டத்தட்ட அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்போ, தெரியுமா தெரியாதா? ரெண்டும்தான். நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தயாராக இருந்தவருக்கு, ஏதோ தப்பு என்று தெரியக்கூடிய அளவுக்குத் தகவல் ஊருக்குள் இருந்தது. "எங்களுக்கு எதுவுமே தெரியாது" என்று பின்னாடி சொன்னவர்களுக்கு எதிரே இந்தத் தேதி போட்ட பக்கம் நிற்கிறது.

இன்னொரு இடம் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு வயசுக் குழந்தை ஒன்றைப் பிடித்து அடைக்கச் சொல்லி உத்தரவு. போலீஸ்காரர்கள் போய்ப் பிடிக்கிறார்கள். எலென் அவர்களைத் திட்டவில்லை. அவர் அதிர்ந்துபோவது வேறு ஒன்றுக்காக: கடமை என்பது மனசாட்சியிலிருந்து முழுசாகப் பிரிந்து தனியாக நிற்கிற நிலைக்கு மனிதர்கள் வந்துவிட்டார்களே என்று. அந்தப் போலீஸ்காரர் ராட்சசன் இல்லை. அவருக்கு ஒரு பேப்பர் வந்தது, அவர் வேலையை முடித்தார். ஒரு நாளைக்கு இருபது டிக்கெட் வரும், யாருக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் ஒவ்வொன்றாக மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலையில் இருக்கிற எனக்கு அந்தப் பக்கம் சாதாரணமாகக் கடந்து போகவில்லை.

எதற்காக எழுதினார்?

1943 அக்டோபரில் இந்தக் கேள்வியை அவரே எடுத்துக்கொள்கிறார். எழுதுவது ஒரு கடமை என்று உணர்கிறார், ஏனென்றால் நல்லவர்களான நண்பர்களுக்குக்கூட பக்கத்தில் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. அதே நேரம், யாரோ படிப்பார்கள் என்று நினைத்தாலே எழுத்தில் பொய் கலந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இன்னொரு காரணம் ழான். தான் பிழைக்காவிட்டால் இது அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

அவர் எழுதியது தனித்தனித் தாள்களில். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் சமையல் வேலை செய்த அம்மாவிடம் கொடுத்து வைத்தார்.

கடைசிப் பதிவு 1944 பிப்ரவரி 15. அந்த மாதங்களில் குடும்பம் ராத்திரியில் வேறு வேறு வீடுகளில் தூங்கியது. மார்ச் 7ஆம் தேதி ராத்திரி மட்டும் சொந்த வீட்டில் தூங்கினார்கள். மறுநாள் காலையில் எலென், அப்பா, அம்மா மூன்று பேரையும் கைது செய்தார்கள். இது எதுவும் டைரியில் கிடையாது. லாக் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

மார்ச் 27ஆம் தேதி ஆஷ்விட்ஸுக்கு ரயில். அன்று அவருக்கு 23ஆவது பிறந்தநாள். அம்மாவும் அப்பாவும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். எலெனைப் பிறகு பெர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றினார்கள். 1945 வசந்தத்தில் டைஃபஸ் காய்ச்சல். எழுந்து நிற்க முடியாத நிலையில் அடித்தார்கள், இறந்துபோனார். பிரிட்டிஷ் படை முகாமை விடுவித்தது ஏப்ரல் 15. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் உயிர் போனது. அதே முகாமில்தான் அதற்குக் கொஞ்சம் முன்பு ஆன் ஃபிராங்க்கும் இறந்தார்.

போருக்குப் பின் சமையல்கார அம்மா தாள்களைக் குடும்பத்திடம் ஒப்படைத்தார். எலெனின் சகோதரர் மூலமாக அவை ழானிடம் போய்ச் சேர்ந்தன. 1990களில் எலெனின் அக்கா மகள் மரியெத் ழோப் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். ழான் தாள்களை அவரிடம் கொடுத்தார். 2002இல் அவை பாரிஸில் உள்ள ஷோவா நினைவகத்துக்கு வந்தன. 2008 ஜனவரியில் புத்தகமாக வந்தது. முன்னுரை எழுதியவர் பத்திரிக் மோதியானோ, பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். அந்த வருஷமே ஆங்கிலத்திலும் வந்தது.

இதை எப்படிப் படிக்கலாம்?

டைரி என்றாலே அப்பட்டமான உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் லாக் என்று சொன்னேன், ஆனா மெஷின் லாக் எதையும் ஒதுக்காது. மனுஷர் எழுதுகிற லாக் ஒதுக்கும். குழந்தைகளை ஒளித்த வேலை பற்றி விவரமாக எழுதினால் மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள், அதனால் அதில் பல விஷயம் பக்கத்தில் வராது.

அடுத்தது, இது ஒரு ஜன்னல்தான். ஈஃபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்த, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தின் ஜன்னல். 1942 ஜூலையில் முதலில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் போலந்து, ரஷ்யா பக்கமிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள். தினமும் ராத்திரி உட்கார்ந்து எழுத அந்த அம்மாக்கள் எத்தனை பேருக்கு மேசையும் நேரமும் இருந்திருக்கும்?

அப்புறம் தேதியை வைத்துப் படிங்க. ஒரு பதிவைப் படிக்கும்போது அடுத்த நாள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு, "அன்றைக்கு இவருக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் கேளுங்க. முதலில் ஒரு வேலை போகிறது. அப்புறம் ஒரு ரேடியோ, ஒரு பூங்கா, மெட்ரோவில் முன்பெட்டி. ஒவ்வொரு படியும் "இதோடு நின்றுவிடும்" என்று நம்பக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்கும். அந்த வரிசையை உள்ளிருந்து பார்த்த பிறகு, "ஏன் ஓடல?" என்ற கேள்வியை என்னால் பழைய தொனியில் கேட்க முடியவில்லை.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒன்று. இந்தத் தாள்கள் நம்ம கைக்கு வர 64 வருஷம் ஆச்சு. நடுவில் ஒரு கை தவறியிருந்தாலும், சமையல்கார அம்மா பயந்து அடுப்பில் போட்டிருந்தாலும், நமக்குக் கிடைத்திருக்காது. எங்க பாட்டி பால் கணக்கு எழுதின நோட்டுகள் இருந்தன. நடுநடுவே யார் வந்தாங்க, எங்கே மழை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி ரெண்டு வரி எழுதியிருப்பார். வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பழைய பேப்பரோடு போட்டுட்டோம். அதில் போர் எதுவும் இல்லை. இருந்தாலும் அதில் ஒரு ஊர் இருந்தது, இப்போ இல்லை. உங்க வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு பத்து பக்கம் படிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.